நாய்க்குட்டியைக் குளியலுக்கும் சீப்புக்கும் நகவெட்டிக்கும் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த வயதில் தொடங்கலாம்?

குட்டி வீட்டுக்கு வந்து ஒரு நாள் தூங்கி, சாப்பிட்டு, இடம் பழகியதும் தொடங்கிவிடலாம். பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து 12 அல்லது 14ஆம் வாரம் வரை, பயமில்லாமல் தொட்டும் கேட்டும் பழகியதையெல்லாம் நாய் "இது சாதாரணம்" என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான குட்டிகள் நம் கைக்கு வருவதே 8 வாரத்தில்தான். அப்படிப் பார்த்தால் நமக்கு மிச்சம் இருப்பது நான்கு முதல் ஆறு வாரங்கள்.

"ஊசியெல்லாம் போட்டு முடியட்டும், ஆறு மாசம் ஆகட்டும்" என்று காத்திருப்பதால்தான் பிறகு நகம் வெட்ட மூன்று பேர் பிடிக்க வேண்டிய நிலை வருகிறது. ஊசி முடியும்வரை நாய்களுக்கான பார்லருக்குப் போகாமல் இருப்பது சரி. வீட்டுக்குள் தொட்டுப் பழக்குவதற்கும் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை.

இந்த வயதில் சுத்தம் இரண்டாம்பட்சம். காதில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும், முடி கொஞ்சம் கலைந்திருந்தாலும் பரவாயில்லை. கை நீட்டினால் குட்டி விலகாமல் நிற்க வேண்டும், அதுதான் இப்போது வேண்டியது.

முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

சீப்பு, கத்தரி, நகவெட்டி எதுவும் வேண்டாம். உங்கள் கையும் தின்பண்டமும் போதும். உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியை நாரு நாராகக் கிழித்து, பட்டாணியில் பாதி அளவுக்குத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். வேகவைத்த முட்டையும் சரிதான். பெரிய துண்டாகக் கொடுத்தால் மெல்லுவதிலேயே நேரம் போகும், வயிறும் சீக்கிரம் நிறைந்துவிடும்.

குட்டி ஓடியாடிக் களைத்து, ஆனால் தூங்கிவிடாமல் இருக்கும் நேரம் நல்லது. வழுக்காத பாயோ ரப்பர் விரிப்போ போட்டுத் தரையில் உட்காருங்கள். டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் அந்தப் பதற்றமே குட்டியின் மனதில் நிற்கும்.

தோளைத் தொடுங்கள், ஒரு துண்டு கொடுங்கள். முதுகு, ஒரு துண்டு. மார்பு, ஒரு துண்டு. எளிய இடங்கள் இவை. அடுத்த நாள் காது மடலை இரண்டு விரலால் பிடித்து விடுங்கள். பிறகு வால், வயிறு, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பது. கடைசியில் கால்கள். நாய்கள் கால் விரல்களைப் பிடிப்பதைத்தான் அதிகம் வெறுக்கும். அதனால் தோளிலிருந்து கையைக் கீழே வழியவிட்டு, பாதத்தில் ஒரு நொடி நிறுத்தி, எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் அந்த ஒரு நொடியை மூன்று நொடி ஆக்கலாம். அதன்பிறகு ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக லேசாக அழுத்தலாம்.

ஒரு தடவைக்கு 2 நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. அதற்கு மேல் வேண்டாம். குட்டி "போதும்" என்று எழுந்து போவதற்கு முன்பே நீங்கள் நிறுத்திவிட வேண்டும்.

தின்பண்டத்தைக் காட்டிக்கொண்டே வேலையை முடித்துவிடலாமா?

பெரும்பாலான வீடுகளில் தவறிப்போகும் இடம் இது. தொடுவது முதலில், தின்பண்டம் அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

பாதத்தைத் தொட்ட பிறகு கோழித்துண்டு வந்தால், பாதத்தைத் தொடுவது நல்ல செய்தி ஆகிறது. கோழித்துண்டைக் காட்டிக் கூப்பிட்டு, அது வாயில் இருக்கும்போது நகத்தை வெட்டினால், கோழித்துண்டு கெட்ட செய்தியாக மாறிவிடும். இரண்டு வாரத்தில், கோழியைக் காட்டினாலே குட்டி சோஃபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

குளிப்பாட்டும்போது கை ஈரமாக இருப்பதால் துண்டு துண்டாகக் கொடுப்பது கஷ்டம். அப்போது மட்டும், சர்க்கரை சேர்க்காத கெட்டித் தயிரை ஒரு எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகத் தடவி, நக்கக் கொடுக்கலாம். தண்ணீர் படத் தொடங்கியதும் தட்டை வையுங்கள், தண்ணீர் நின்றதும் எடுத்துவிடுங்கள்.

திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த எதுவும் ஆகாது. கடையில் வாங்கும் பீநட் பட்டரில் சைலிட்டால் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கையைக் கடிக்கிறதே, பிடித்து வைத்துச் செய்யலாமா?

அது எந்தக் கடி என்று முதலில் பாருங்கள். உடம்பு தளர்ந்து, வால் ஆடி, வாய் திறந்து கையைக் கவ்வினால் விளையாட்டு. சீப்பை நிறுத்தி, கடிக்க ஒரு ரப்பர் பொம்மை கொடுத்துவிட்டு, கொஞ்சம் களைத்த பிறகு திரும்ப முயலுங்கள். 4 மாதத்திலிருந்து 6 மாதம் வரை பால்பல் விழுந்து பெரிய பல் முளைக்கும். ஈறு ஊறுவதால் அந்தக் காலத்தில் எதைக் கண்டாலும் கடிக்கத்தான் செய்யும்.

பயத்தில் வரும் கடிக்கு முன்பே அடையாளங்கள் தெரியும். பசி இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாதபோது கொட்டாவி விடுவது, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, வாலைக் காலிடுக்கில் செருகுவது. எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது, கல் மாதிரி அசையாமல் நிற்பது. "எவ்வளவு சமத்தாக நிற்கிறது பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே தொடர்வார்கள். அது சமத்து இல்லை, உறைந்துபோன நிலை. தின்பண்டத்தை நீட்டிப் பாருங்கள். வழக்கமாகப் பாய்ந்து தின்னும் குட்டி இப்போது முகர்ந்துகூடப் பார்க்காவிட்டால், நீங்கள் எல்லை தாண்டிவிட்டீர்கள்.

உறுமினால் அதட்டாதீர்கள், அடிக்கவும் வேண்டாம். உறுமல் ஓர் எச்சரிக்கை. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த தடவை உறுமாமல் நேராகக் கடிக்கும். கையை எடுத்துவிட்டு, மறுநாள் இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள்.

எந்த சீப்பு, எந்த பிரஷ் வாங்குவது?

முடியைப் பொறுத்தது. லேப்ரடார், பக், பீகிள், நாட்டு நாய் போன்ற குட்டை முடிக்கு மென்மையான ரப்பர் பிரஷ் போதும், வாரத்துக்கு இரண்டு முறை. பொமரேனியன், ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவருக்கு வளைந்த மெல்லிய கம்பிகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷும் ஒரு ஸ்டீல் சீப்பும் வேண்டும். ஷிட்சு, லாசா, பூடில் போன்றவற்றுக்கும் இதே இரண்டுதான், ஆனால் தினமும்.

ஸ்லிக்கரை வாங்கியதும் உங்கள் முன்கையின் உட்புறத்தில், சீவும் அதே அழுத்தத்தில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கீறினால் குட்டிக்கும் கீறும். முனையில் சின்ன உருண்டை உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது.

முதல் நாள் பிரஷைத் தரையில் வைத்து முகர விடுங்கள். அடுத்து பிரஷின் முதுகுப் பக்கத்தால் தடவுங்கள். பிறகுதான் கம்பிப் பக்கம், அதுவும் தோளில் ஒரே ஒரு இழுப்பு.

மேலே பளபளப்பாக இருக்கிறது, ஆனால் அடியில் சிக்கு. ஏன்?

மேல்முடியை மட்டும் சீவுவதால். ஒரு கையால் முடியைத் தூக்கிப் பிடித்து, தோல் தெரிய ஒரு வகிடு எடுத்து, அந்த வகிட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும். அது முடிந்ததும் அரை அங்குலம் மேலே அடுத்த வகிடு. கடைசியில் ஸ்டீல் சீப்பை வேரிலிருந்து நுனிவரை ஓட்டிப் பாருங்கள். எங்காவது நின்றால் அங்கே சிக்கு இருக்கிறது. காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், கழுத்துப்பட்டை உராயும் இடம், பின்தொடை உட்புறம், இந்த நான்கு இடங்களைத் தவறவிடக் கூடாது.

சிக்கு இருக்கும்போது குளிப்பாட்டாதீர்கள். நனைந்து காயும்போது அது இறுகிக் கம்பளிக்கட்டி ஆகிவிடும். முதலில் சோள மாவை (கார்ன்ஃப்ளார்) கொஞ்சம் தூவி, வேர்ப்பக்கத்தைத் தோலோடு சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு (இழுவை தோலுக்குப் போகாமல் இருக்க), நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். கத்தரி வேண்டாம். சிக்குக்குள் தோல் கூம்பாக எழும்பி நிற்கும். முடி என்று நினைத்து வெட்டிய இடத்தில் தையல் போட வேண்டி வரும். பிரியாவிட்டால், பழகிய க்ரூமர் (நாய்களுக்கு முடி வெட்டிச் சுத்தம் செய்பவர்) கிளிப்பர் வைத்து மழித்துவிடுவதுதான் குட்டிக்கு வலியில்லாத வழி.

நீள முடிக் குட்டிகளுக்கு 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும். அந்த வாரங்களில் ஒரே நாளில் சிக்கு விழும். நீங்கள் எதையும் தவறாகச் செய்துவிடவில்லை, சீவும் தடவைகளைக் கூட்டினால் போதும்.

முதல் குளியலை எப்படிக் கொடுப்பது?

8 வாரத்துக்குட்பட்ட குட்டியைக் குளிப்பாட்ட வேண்டாம், வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்தால் போதும். இந்த வயதில் உடம்புச் சூட்டை அதனால் சரியாகக் காத்துக்கொள்ள முடியாது.

அதன் பிறகும் நேராகக் குளியலுக்குப் போகாதீர்கள். முதல் இரண்டு நாள், காய்ந்த பாத்ரூமில் ரப்பர் மேட் போட்டு, அங்கே வைத்துத் தின்பண்டம் கொடுத்து வெளியே கூட்டிவாருங்கள். அடுத்த நாள், குட்டி அங்கே தின்றுகொண்டிருக்கும்போது பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்க விடுங்கள். பிறகு பாதம் மட்டும் நனையட்டும். நான்காவது ஐந்தாவது தடவையில்தான் முழுக் குளியல்.

தண்ணீரை மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றினால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியம் கொதிக்கும். குழாயைத் திறந்து அப்படியே ஊற்றிவிடாதீர்கள். மக்கை உயரத் தூக்கித் தலையில் கொட்டுவதுதான் குட்டி குளியலை வெறுக்க முதல் காரணம். மக்கின் விளிம்பு உடம்பைத் தொட்டபடி, பின்னங்காலில் தொடங்கி மெதுவாக முன்னே வாருங்கள். தலைக்குத் தண்ணீரே ஊற்ற வேண்டாம், ஈரத்துணி போதும்.

ஷாம்பூவை ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்துக் கலந்துகொண்டால் சீராகப் பரவும், அலசுவதும் எளிது. அலசியது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு தடவை அலசுங்கள். அக்குளிலும் வயிற்றிலும் தங்கிவிடும் ஷாம்பூதான் குளித்த மறுநாள் வரும் அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம்.

நம் ஷாம்பூ, பேபி சோப்பு, சீயக்காய் போடலாமா? எத்தனை நாளுக்கு ஒரு முறை?

வேண்டாம். நம் தோல் அமிலத்தன்மை கொண்டது, நாயின் தோல் நடுநிலைக்குப் பக்கத்தில் இருப்பது. நமக்கு ஒத்துப்போவது அதன் தோலை வறட்டிவிடும். சீயக்காய்த்தூள் கண்ணில் பட்டால் எரியும். அந்த ஒரு அனுபவமே குளியல்பயத்துக்குப் போதும். வாசனைக்கு டால்கம் பவுடர் கொட்டுவதையும் விட்டுவிடுங்கள், மூச்சில் போகும்.

மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை குளித்தால் தாராளம். குட்டை முடிக்கு இன்னும் குறைவாகவும் இருக்கலாம். குளித்த இரண்டே நாளில் நாற்றம் வந்தால் குளியலைக் கூட்டாதீர்கள். தோலிலோ காதிலோ கோளாறு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

டிரையர் சத்தத்துக்கு நடுங்குகிறது.

பக்கத்து அறையில் ஓடவிட்டு, இங்கே தின்பண்டம் கொடுங்கள். குட்டி சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் தின்றால் மறுநாள் கதவருகே கொண்டுவாருங்கள். காற்று உடம்பில் படுவது கடைசிப் படி. குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளி, கையை நடுவில் வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே காட்டுங்கள். முகத்துக்கு நேராக வேண்டாம். கிளிப்பருக்கும் இதே முறைதான். வீட்டில் தாடி டிரிம்மர் இருந்தால், அதை ஓடவிட்டு அதன் பின்பக்கத்தைத் தோளில் வைத்து அதிர்வுக்குப் பழக்கலாம்.

டிரையரே வேண்டாம் என்றால் உறிஞ்சும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் சிக்கு விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விரலிடுக்கும் அக்குளும் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அங்கே மட்டுமாவது நன்றாக உலர்த்த வேண்டும்.

நகம் வெட்டுவதற்குப் பழக்குவது எப்படி?

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நாள் ஒதுக்குங்கள். வீட்டுக்குள் டைல்ஸிலேயே நடக்கும் நாய்க்கு நகம் தேயாது. நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் நீளம் அதிகம். முன்னங்காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையைத் தொடுவதே இல்லை. கவனிக்காமல் விட்டால் வளைந்து வளர்ந்து சதைக்குள் குத்திவிடும்.

நகவெட்டியை முகர விடுவது, அதை நகத்தில் தொட்டு எடுப்பது, பிறகு சத்தம். சத்தத்துக்குத் துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்குச்சியை எடுத்து, குட்டியின் பாதத்துக்குப் பக்கத்தில் நகவெட்டியால் வெட்டுங்கள். டிக் என்ற சத்தம், உடனே ஒரு துண்டு கோழி. ஒரு கை பாதத்தைப் பிடித்திருக்க, இன்னொரு கை குச்சியை வெட்டும் நிலைக்கு வர ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு நகம். எல்லா நகமும் முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் முதல் நகம் மறுபடி வளர்ந்திருக்கும். இப்படியே ஓட்டுவதில் எந்தத் தவறும் இல்லை.

காலை உடம்பிலிருந்து பக்கவாட்டில் இழுக்காதீர்கள், மூட்டு வலிக்கும். நின்ற நிலையிலேயே கொஞ்சம் பின்னால் மடக்கிப் பிடித்தால் போதும். விரலின் மேலேயும் அடியிலுள்ள மெத்தையிலும் லேசாக அழுத்தினால் நகம் வெளியே நீளும். வெள்ளை நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவாக நறுக்கி, ஒவ்வொரு தடவையும் வெட்டிய முகத்தைப் பாருங்கள். உலர்ந்த சுண்ணாம்பு நிறமாக இருக்கும்வரை தொடரலாம். நடுவில் கரிய, ஈரமான புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

மொக்கையான நகவெட்டி வெட்டுவதற்கு முன் நகத்தை நசுக்கும், வலி அதனால்தான். குட்டிப் பருவத்தில் நமக்கான நகவெட்டியைப் பக்கவாட்டில் பிடித்து வெட்டினாலும் போதும்.

ரத்தம் வந்துவிட்டால்?

நகத்தின் முனையில் சோள மாவை அப்பி, சுத்தமான துணியால் 3 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. படிகாரமும் ரத்தத்தை நிறுத்தும், கொஞ்சம் எரியும். கால்மணி நேரத்துக்கு மேலும் கசிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். அன்றைக்கு வேறு நகம் தொடாதீர்கள், மறுநாள் ஈர்க்குச்சிக்கே திரும்புங்கள்.

காது, கண், பல்?

காதில் பட்ஸ் விடவே கூடாது, அழுக்கை உள்ளே தள்ளும். தெரியும் பகுதியை, நாய்களுக்கான காது திரவம் நனைத்த பஞ்சால் துடையுங்கள். சுத்தமான காதைச் சும்மா சும்மா சுத்தம் செய்யவும் வேண்டாம். புளித்த நாற்றம், காப்பித்தூள் நிற அழுக்கு, தலையை உதறுவது, இவை மருத்துவருக்கான வேலை.

கண்ணோரப் பீளைக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சு, கண்ணுக்கு ஒன்று.

பல்லுக்கு நம் பேஸ்ட் கூடாது, நாய் துப்பாது, விழுங்கும். விரலில் ஈரத்துணி சுற்றி வெளிப்பக்கப் பற்களை மட்டும் தேய்த்துப் பழக்குங்கள். பல் விழும் மாதங்களில் ஈறு வலிக்கும், அப்போது உதட்டைத் தூக்கிப் பார்த்துத் தின்பண்டம் கொடுத்தால் போதும்.

உண்ணிக்கு என்ன செய்வது? வேப்பெண்ணெய் தடவலாமா?

தினமும் சீவும்போதே விரல் நுனியால் தேடுங்கள். காதுக்குள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில். நம் ஊர் வெப்பத்தில் பழுப்பு நாய் உண்ணி வருடம் முழுக்க இருக்கும், எர்லிக்கியா, பேபிசியா போன்ற ரத்த நோய்களைப் பரப்பும். ஒட்டியிருக்கும் உண்ணியை மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள், நெருப்பால் சுடாதீர்கள்.

மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய், பினாயில் தண்ணீர் எல்லாமே விஷம். நாய் தன்னைத் தானே நக்கும் என்பதை மறக்கக் கூடாது. வேப்பெண்ணெய் உண்ணிக் காய்ச்சலைத் தடுக்கும் என்று நம்பி மருந்தைத் தவிர்ப்பதும் ஆபத்து. சொட்டு மருந்து, மாத்திரை எதுவானாலும் வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டும். பெரிய நாயின் மருந்தில் பாதியைக் குட்டிக்கு விடுவது கணக்கு ஆகாது. சொட்டு மருந்து விடுவதற்கு 2 நாள் முன்பும் விட்ட பின் 2 நாளும் குளியல் வேண்டாம்.

வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாமா?

பொமரேனியன், ஸ்பிட்ஸ், கோல்டன், ஹஸ்கி போன்ற இரட்டை அடுக்கு முடி நாய்களுக்குக் கூடாது. அடிமுடி உதிர்ந்து சீவி எடுக்கப்பட்டால் அந்த முடிக்குள் காற்று ஓடும், மேல்முடி வெயிலைத் தடுக்கும். மழித்தால் வெயில் நேராகத் தோலில் விழும், முடி திரும்பத் திட்டுத்திட்டாக வளரலாம், சில நாய்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலும் பிடிக்கும். ஷிட்சு, பூடிலுக்குக் குட்டையாக வெட்டலாம், தோல்வரை வேண்டாம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி குட்டிகளுக்கும் இதெல்லாம் தேவையா?

முடி வேலை குறைவு, தொட்டுப் பழக்கும் வேலை அதே அளவுதான். புது ஆட்களிடம் சட்டென்று ஒட்டாத இனங்கள் இவை, மருத்துவர் காலைப் பிடிக்கும்போது அது தெரியும். வீட்டாரைத் தவிர இரண்டு மூன்று பேர் தொட்டுத் தின்பண்டம் கொடுக்கட்டும். தோல் மெல்லியது, ஸ்லிக்கர் பிரஷ் கீறிவிடும், ரப்பர் பிரஷோ ஈரத்துணியோ போதும். ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. கூப்பிட்டும் திரும்பாவிட்டால் பின்னாலிருந்து தொட்டுத் திடுக்கிட வைக்காதீர்கள், கண்ணுக்கு முன் வந்து கையைக் காட்டிவிட்டுத் தொடுங்கள்.

பார்லருக்கு எப்போது கூட்டிப்போவது?

கடைசித் தடுப்பூசி முடிந்து இரண்டு வாரம் கழித்து. தொடர் ஊசிகள் 16 வாரம் வரை போகும். அதற்குள் பல நாய்கள் வந்துபோகும் இடத்தில் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றும் ஆபத்து உண்டு.

முதல் தடவை முழு க்ரூமிங் பதிவு செய்யாதீர்கள். 15 நிமிடம் போய், மேசையில் நின்று, க்ரூமர் கையால் தின்பண்டம் வாங்கித் தின்று, ஒரு தடவை சீவிக்கொண்டு வந்தால் போதும். கூட்டம் இல்லாத வாரநாள் காலை நேரம் கேளுங்கள். கூண்டுக்குள் வைத்து டிரையர் போடுவார்களா, அப்படியானால் பக்கத்தில் ஆள் இருப்பாரா என்று கட்டாயம் கேட்க வேண்டும். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சூடான கூண்டு உயிருக்கே ஆபத்து. மேசையில் கழுத்துக் கயிறு மாட்டிவிட்டு நகர்ந்து போகும் இடத்தில் குட்டியை விடாதீர்கள். "பயந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் "நிறுத்திவிடுவோம், இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்பவர்தான் உங்களுக்கான க்ரூமர்.

ஏற்கெனவே பயந்துவிட்டது. இப்போது சீப்பைப் பார்த்தாலே ஓடுகிறது.

பழைய சீப்பையும் பழைய இடத்தையும் மாற்றிவிட்டு, முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள். பிரிட்டன் பயிற்சியாளர் சிராக் படேல் பிரபலமாக்கிய வாளி விளையாட்டு இதற்கு நன்றாக வேலை செய்யும். தின்பண்டம் போட்ட ஒரு கிண்ணத்தைக் குட்டி பார்க்கும்படி தள்ளி வையுங்கள். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அவ்வப்போது அதிலிருந்து ஒரு துண்டு கொடுங்கள். அது நன்றாகப் பழகியதும், பார்வை கிண்ணத்தில் இருக்கும்வரை மட்டும் தொடுங்கள் அல்லது சீவுங்கள். பார்வையை எடுத்துவிட்டாலோ நகர்ந்தாலோ உடனே கையை எடுத்துவிட வேண்டும். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த நாய் நீண்ட நேரம் நிற்கும்.

இதற்கிடையில் நகம் சதையைக் குத்தும் நிலையிலோ, சிக்கு தோலை இழுத்துப் புண்ணாக்கும் நிலையிலோ இருந்தால், பலவந்தமாகப் பிடிக்காமல் மருத்துவரிடம் மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் செய்துவிடச் சொல்லுங்கள். பழக்குவதை அதன்பிறகு நிதானமாகத் தொடரலாம்.